வேப்பிலை கட்டிய படலைக்குள் வந்த வெள்ளைக்காரி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும், சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். எங்கள் தீவுச் சங்கம் லண்டனில் போடுகிற இந்த மலரில் படித்த ஆட்கள்தான் எழுதுவார்கள். அவர்களுக்கு நடுவில் நானும் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோர்ண்டன் ஹீத்தில், மகள் வீட்டுக் குசினியில், ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

போன கிழமை மகள் ஷிப்ட் முடிந்து வரும்போது ரயிலில் கிடந்த இங்கிலிஷ் பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்தாள். சண்டை ஓய்ந்திருக்கிற இந்த நாளில் இலங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதில் எழுதியிருந்தார்.

"அம்மா, எங்கட சனம் எந்த நேரமும் சிரிச்ச முகமாம். கவலை எண்டா என்னெண்டே தெரியாதாம்," என்று வாசித்துவிட்டு மகள் சிரித்தாள். நான் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரியை நினைத்தேன்.

அப்போது எனக்கு ஏழோ எட்டோ வயது. அப்பா கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றார். கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு மேலெல்லாம் பொரிந்து அம்மாள் வந்திருந்தது. அந்த வருத்தத்துக்கு நாங்கள் வேறு பெயர் சொல்வதில்லை. வாசல் படலையில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினால் ஊருக்கு விளங்கிவிடும். மீன்காரிகூட எட்டத்திலேயே திரும்பிவிடுவாள். மருந்து கொடுக்கக் கூடாது, அம்மாள் தானாக இறங்க வேண்டும் என்பார்கள். தம்பிக்கு இறங்கவில்லை. பால் குடிப்பதை விட்டான், பிறகு கண் திறப்பதையும் விட்டான். எதிர்க்கரைக்குக் கொண்டுபோகலாம் என்றால், வேப்பிலை வீட்டுப் பிள்ளையை எந்த வள்ளக்காரனும் ஏற்ற மாட்டான்.

அந்த நேரத்தில்தான் அந்த வெள்ளைக்காரி மோட்டர் வள்ளத்தில் வந்து இறங்கினாள். தலையில் தொப்பி, கழுத்தில் கமரா. அம்மாவின் தமையன், எங்கள் மாமா, கொழும்பில் ஒரு துரை வீட்டில் நின்று பொறுக்கிய இங்கிலிஷோடு அவளுக்கு முன்னால் நடந்தார். அவளுக்குக் கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் அள்ளுகிறதும் அதிசயம், பனையோலை வேலியும் அதிசயம், ஆடு குழை தின்கிறதும் அதிசயம். எங்கள் படலையில் வேப்பிலையைக் கண்டதும் கைதட்டினாள். மாமா மறிக்க முதல் உள்ளே வந்துவிட்டாள். மாமா வேலிக்கு வெளியே ஒழுங்கையிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன சோடனை எண்டு கேக்கிறா, தங்கச்சி," என்று வேலிக்கு மேலால் கத்தினார். "நான் கோயில் திருவிழா எண்டு சொல்லிப்போட்டன். நீ ஒண்டும் கதையாதை."

அம்மா வெள்ளைக்காரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை, அவ சொன்னா வள்ளக்காரன் கேப்பான். பிள்ளையை அங்கால ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலுமோ எண்டு கேளுங்கோவன்."

"உனக்கென்ன விசரே? அம்மாள் கோவிச்சா எல்லாரையும் கொண்டு போயிடுவா. சிரி, சிரி, படம் எடுக்கப் போறா!"

அம்மா சிரித்தார். வீட்டுக்கு வந்தவருக்கு எதிரே முகத்தைச் சுளிக்க எங்கள் பெண்களுக்குத் தெரியாது. நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பல்லைக் காட்டினேன். வெள்ளைக்காரி என்னவோ சொன்னாள்.

"இவ்வளவு சந்தோசமான சனத்தைத் தான் ஒரு இடமும் காணேல்லையாம்," என்றார் மாமா. அவருக்கும் பெருமைதான்.

பின்னேரம் வள்ளம் புறப்படுவதைப் பார்க்க நான் துறைக்கு ஓடினேன். வள்ளம் கரையை விட்ட பிறகுதான் அம்மா வந்தார். துறைப் பக்கமே வராதவர், தம்பியை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று தம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். சத்தம் போடவில்லை. வெள்ளைக்காரிக்கு விளங்கக்கூடிய ஒரு சொல்லும் அவரிடம் இல்லை. வள்ளக்காரன் எங்கள் ஆள், அவனுக்கு விளங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரி எழும்பி நின்று படம் எடுத்தாள். பிறகு கையை ஆட்டினாள். பிள்ளையைக் காட்டி வழியனுப்புகிறார்கள் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று என்ற சந்தோசப் புளுகத்தில் நானும் துள்ளித் துள்ளிக் கையை ஆட்டினேன். வள்ளம் மறைந்த பிறகும் அம்மா கையை இறக்கவில்லை.

தம்பி விடிகிறதுக்குள் போய்விட்டான். அம்மாள் வந்த வீட்டில் குரலெடுத்து அழக் கூடாது. ஒருவரும் அழாதபடியால், அவனை எங்கேயோ சுகமாக்கக் கொண்டுபோகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எப்போது கொண்டுவருவீர்கள் என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு அலுப்புக் கொடுத்தேன்.

இதில் எது சரி, எது என் மறதி என்று தெரியவில்லை. எங்கள் தீவில் என்னிலும் மூத்தவர்கள் லண்டனில் யாரும் இருந்தால் ஒத்துப்பார்த்துச் சொல்லுங்கள். தம்பிக்கு வந்த அம்மாள் கொப்பளிப்பானா, சின்னமுத்தா? அந்தக் காலத்தில் எதிர்க்கரையில் உண்மையாகவே ஆஸ்பத்திரி இருந்ததா? இருக்கவில்லை என்றால், அதை மட்டுமாவது எனக்கு எழுதி அறிவியுங்கள்.