எலி வயிற்றில் விழுந்த பவுடர்

என் அக்காவை "எலிக்குத் தீனி போடுறவ" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும். ஆராய்ச்சி நிலையத்தின் விலங்கு அறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கூண்டு கழுவி, அறுவைக்கான கத்தி கத்தரிகளை நீராவியில் சுத்தம் செய்து கொடுப்பவள் அவள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

வயிற்றில் அறுவை செய்தால், ஆறும்போது குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. மனிதருக்கும் அப்படித்தான். அதைத் தடுக்க அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒரு களிம்பு தயாரித்து எலிகளில் சோதித்துவந்தார். இரண்டு தடவை நன்றாக வேலை செய்தது. மூன்றாம் தடவை, களிம்பு பூசிய எலிகளுக்கும் குடல் பசை தடவியதுபோல ஒட்டிக் கிடந்தது.

நிலைய இயக்குநர் பழியைத் தூக்கி அக்கா தலையில் போட்டார். "கூண்டை ஒழுங்கா கழுவல, கிருமி ஏறிடுச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

கூண்டைக் குறை சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அறுவை மேசையைத் துடைத்தபோது துணியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மூன்றாம் தடவைக்குச் சற்று முன் புதிதாக வந்திருந்த கையுறைப் பெட்டியைத் திறந்தாள். எல்லாக் கையுறையிலும் பவுடர். ஈரக் கையில் சுலபமாக ஏறும் என்று அந்தக் கையுறையை வாங்கச் சொன்னவளே அவள்தான்.

வாயைத் திறக்காமல் பெட்டியை மாற்றி வைத்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் டாக்டரம்மாவும் இயக்குநரும் இருந்த அறைக்கு நேராகப் போய் நின்றாள்.

"மேடம், கிருமி இல்ல. கிளவுஸ்ல இருக்கற பவுடர் வயித்துக்குள்ள விழுந்து, அது உறுத்தித்தான் குடல் ஒட்டுதுன்னு நினைக்கிறேன். அதை வாங்கச் சொன்னது நான்தான்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "போட்டுக்கிட்டது நானு. எனக்குத் தோணலையே!"

இயக்குநர் மட்டும் அசையவில்லை. "பார்க்கலாம். மறுபடி ஒட்டிச்சுன்னா கிளம்பிடு."

பவுடர் இல்லாத கையுறையோடு அறுவை நடந்தது. இரண்டு வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. எலிகளின் வயிற்றைத் திறந்து பார்த்த அன்று டாக்டரம்மா அவளையும் உள்ளே கூப்பிட்டார். களிம்பு பூசிய எலிகளில் குடல் எங்கும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

இயக்குநர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"இங்க வேற என்னெல்லாம் கவனிச்சிருக்கீங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. சும்மா விடுவாளா? உலர்ந்த துணியால் குடலைத் துடைத்தால் அதுவும் உரசி ஒட்டவைக்கும் என்பதில் ஆரம்பித்து அரைமணி நேரம் பிடிபிடியென்று பிடித்தாளாம். அவர் நின்றபடியே எழுதிக்கொண்டாராம்.