படித்தவரைப் படிக்காதவர் என்று காட்டிய மிஷின்

எருமப்பட்டிப் பக்கம் பழைய லாரி கியர்பாக்ஸை வைத்தே தீவன மிக்சரை ஓடவிட்டவன் நான். மேட்டுக்காட்டுக் கிணறுகளில் அடிக்கடி எரிந்துபோகும் மோட்டார்களுக்கு எரியாத செப்புக் காயில் கட்டிக் கொடுத்தவன் நான். எட்டாம் வகுப்பு ஃபெயில். இங்கிலீஷ் மேனுவலை அகராதி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, சி மொழியில் புரோகிராம் எழுதி, கோழித் தீவன மில்லுக்கு வந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷினை மேய்த்தவனும் நான்தான். வரிசையாகச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எண்பதுகளின் கடைசியில் அந்த மிஷினை ஒரு பெங்களூர் கம்பெனி கொண்டுவந்து வைத்தது. வைத்துவிட்டு அவர்கள் கிளம்பியதும் அது என் தலையில் விழுந்தது. கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் செல்லப்பன் வேலை என்பது முதலாளியின் கணக்கு.

1. முதலாளி கேட்ட லிஸ்ட்

முதலாளிக்கு உத்தரவு போடுவதில் தனி ருசி. காலையில் அவர் சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் சரோஜா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, எல்லா உத்தரவையும் செக்‌ஷன் தலைவர்கள் ஒவ்வொருவருடைய ஃபைலின் கடைசியிலும் சேர்த்துவிடுவார். அவரவர் டெர்மினல் திரையில் அவரவர் படித்துக்கொள்ள வேண்டும்.

"செல்லப்பா, இவனுக படிக்கறானுகளா, படிச்ச மாதிரி தலையாட்டறானுகளா? உன்ற மிஷினு சொல்லுமா?" என்றார்.

"கேட்டாச் சொல்லுமுங்க" என்றேன்.

அது உண்மை. ஒவ்வொரு ஃபைலுக்கும், மிஷினை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் என்ற மூலப் புரோகிராம் ஒரு குறிப்பு வைத்திருக்கும். அதற்கு ஐநோடு என்று பெயர். ஃபைல் யாருடையது, எவ்வளவு பெரியது, கடைசியாக எழுதிய நேரம், கடைசியாகப் படித்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டாட் என்ற சிஸ்டம் கால், அதாவது கெர்னலுக்கு ஓர் அழைப்பு, போட்டால் எடுத்துக் கொடுக்கும். எழுதிய நேரத்துக்குப் பிறகு படித்த நேரம் இருந்தால், ஆள் படித்துவிட்டார். இல்லாவிட்டால் இல்லை. இதை வைத்துச் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதினேன். மத்தியானம் ஆனால் முதலாளியின் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக 'ரெட்' (படித்தார்), 'நாட் ரெட்' (படிக்கவில்லை) என்று விழும்.

முதலாளிக்கு அது சாப்பாட்டோடு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

2. ஆரோக்கியசாமிக்கு வந்த வினை

அக்கவுண்ட்ஸ் ஆரோக்கியசாமி சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணே, படிக்கறதுக்கு கேட்-னு அந்தக் கமாண்டு போட்டா ஃபைல் முழுக்க விர்ருனு ஓடிப்போகுது. கடைசியில இருக்கிற இன்னிக்கு உத்தரவப் பிடிக்கறதுக்குள்ள கண்ணு வலிக்குதுண்ணே" என்றார்.

அவருக்காகவே 'பார்' என்று ஒரு புரோகிராம் எழுதினேன். கேட் கமாண்டு மாதிரி ஃபைலைத் துண்டு துண்டாக ரீட் செய்யாமல், எம்மேப் என்ற சிஸ்டம் கால் மூலம் அப்படியே மெமரியோடு இணைத்துவிடும். நேராகக் கடைசிப் பக்கத்தில் போய் நிற்கும். அந்த வேகத்தை அந்த மிஷினில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

குடோன் பழனிச்சாமிக்கும் கொடுத்துப் பார்த்தேன். அவர் முதலாளியம்மாவின் தம்பி. "எனக்கு அந்த கேட் கமாண்டே போதுமுங்க" என்றார். கமாண்டைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஃபைல் தன்பாட்டுக்கு ஓடி முடியும்.

ஒரு வாரம் போயிருக்கும். முதலாளி கத்தியது மில் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உள்ளே ஓடினேன். ஆரோக்கியசாமி கைகட்டி நின்றிருந்தார்.

"ஏனுங்க, ஒரு வாரமா என்ற உத்தரவத் திரும்பிக்கூடப் பாக்கலீங்களா? லிஸ்ட்டுல உங்க பேருக்கு நேரா தெனமும் நாட் ரெட்டு. பழனிச்சாமி தெனமும் ரெட்டு!"

"தினம் படிக்கிறேங்கய்யா. மாதா சத்தியமா."

"மிஷினு பொய் சொல்லுமா? சரோஜா, இவருக்குக் கணக்கு முடிச்சு லெட்டர் அடி சாமி."

எனக்குச் சுருக்கென்றது. ஆரோக்கியசாமிக்கு நான் 'பார்' கொடுத்ததும் ஒரு வாரத்துக்கு முன்புதான்.

"ஒரு நிமிசம் பொறுங்க" என்று முதலாளியின் டெர்மினலில் உட்கார்ந்தேன். முதலாளியின் ஃபைல் ஒன்றின் படித்த நேரத்தைக் காட்டினேன். 'பார்' போட்டு அவரையே படிக்கச் சொன்னேன். அவர் உரக்கப் படித்து முடித்தார். மறுபடி நேரத்தைக் காட்டினேன். பழைய நேரம் அப்படியே இருந்தது.

"அப்ப நான் படிக்கலையா?" என்றார்.

"படிச்சீங்க. கெர்னலுக்குத் தெரியாதுங்க. ரீட் போட்டா, குடோன்ல சீட்டுக் குடுத்து மூட்டைய வாங்கற மாதிரி. வாங்குன நேரத்தக் குறிச்சுக்குவாங்க. எம்மேப்புங்கறது உங்க ரூமுக்கும் குடோனுக்கும் நடுவுல ஒரு சன்னல் வெக்கற மாதிரி. எட்டிப் பாக்கறத எவன் குறிப்பான்?"

"அப்பத் தப்பு உன்றதா?"

"இல்லீங்க. அது இந்த மிஷினோட கெர்னல் சுபாவமுங்க."

முதலாளி விடவில்லை. "குறிக்கலைங்கறதுக்காகப் படிச்சாருன்னு ஆயிருமா? ஏனுங்க, நேத்து என்ன எழுதுனேன், சொல்லுங்க பாக்கலாம்."

ஆரோக்கியசாமி தடுமாறாமல் சொன்னார்: "ஈரச் சோளம் வந்தாத் திருப்பி அனுப்பணும். எடை மேடைகிட்ட டிரைவருங்க துணி காயப்போடக் கூடாது. குடோன் பழனிச்சாமிக்கு வெள்ளிக்கிழமை லீவு."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு பழனிச்சாமியே வந்தார்.

"மாமா, வெள்ளிக்கெழம பாப்பாவுக்குக் காதுகுத்து. நானும் எத்தன தடவ கேக்கறது? லீவு உண்டுங்களா, இல்லீங்களா?"

சரோஜா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"மாப்ள, உன்ற ஃபைலத் தெனமும் படிக்கறயா?"

"ஒரு வரி உடறதில்லீங்க மாமா."

முதலாளி சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து, நான்தான் பிடித்து நிறுத்தினேன். "சரோஜா, அந்த லெட்டரக் கிழிச்சுப்போடு சாமி" என்றார். ஆரோக்கியசாமி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் பழனிச்சாமி. தனக்கு லீவு கிடைத்ததை அவர் அறிந்ததும் ஆரோக்கியசாமியின் வாயிலிருந்துதான்.

3. கற்றது

அன்று மாலையே 'பார்' புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். எம்மேப் போடும் முன் ஒரே ஒரு பைட்டை, அதாவது ஒரு எழுத்தை, ரீட் வழியாக எடுக்கும். அது போதும், படித்த நேரம் மாறிவிடும். இப்போது புரோகிராம் எழுதுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஐநோடு சொல்லும் நேரம் ஃபைலுக்கு நடந்ததைச் சொல்லும். ஆளின் மண்டைக்குள் நடந்ததைச் சொல்லாது. அந்த நேரத்தை வைத்து எவன் வேலையிலும் கை வைக்காதீர்கள்.

அடுத்த முறை வந்த பெங்களூர் என்ஜினியரிடம் நடந்ததைச் சொன்னேன். குறித்துக்கொண்டு போனார். இன்றைக்கு மில்லில் புதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில், இதை அந்த என்ஜினியர் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களாம். அவர் அன்று ஊரிலேயே இல்லை. கண்டுபிடித்தவன் எருமப்பட்டி செல்லப்பன். வகுப்பில் அப்படியே சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் சேலத்துக்குப் போய் ஆரோக்கியசாமியைக் கேளுங்கள். ரிட்டையர் ஆகும்வரை அதே நாற்காலியில் இருந்தவர் அவர்.