வெயில் பக்கமா, நிழல் பக்கமா

ஜிபார் எங்கள் தால்புலாக் மலைக்கிராமப் பள்ளிக்குப் புவியியல் நடத்த வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நரீன் நகரத்தில் படித்தவள். அச்சில் வந்துவிட்டால் அவளுக்கு அது வேதவாக்கு. பக்கத்து அறையில் நான் கணக்கு நடத்துவேன். சுவர் மெல்லிசு, எல்லாம் காதில் விழும்.

அந்த வருஷம் மாவட்டத்தின் புது வரைபடம் வந்தது. அதை மாட்டி, எங்கள் ஊரைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். சாய்கால் என்ற மேய்ப்பர் வீட்டுப் பெண் எழுந்தாள்.

"டீச்சரக்கா, இது தப்பு. நம்ம ஊரை ஆத்துக்கு அந்தாண்ட போட்டிருக்காங்க."

"அச்சடிச்ச படம் தப்பாகுமா? வடக்கு எதுன்னு முதல்ல பாரு."

"பாத்தாச்சு. படத்துல நாம தெக்குப் பாத்த வெயில் பக்க மலையடியில இருக்கோம். அப்ப எங்க கூரையில ஏப்ரல் வரைக்கும் பனி ஏன் உருகல? வெயில் பக்கத்துல மார்ச்சுலயே புல்லு முளைச்சிடுதே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜிபார் விறுவிறுவென்று படத்தைக் கழற்றினாள். திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு எல்லாரையும் ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனாள். வேடிக்கையை விட மனமில்லாமல் நானும் என் வகுப்போடு பின்னால் போனேன். படத்தை வடக்குப் பார்த்து விரித்தாள். ஆறு மேற்கே ஓடியது. ஊர் தென்கரையில் இருந்தது. படத்திலோ வடகரையில். முள்ளை இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது.

"சாய்கால் சொன்னதுதான் சரி. நான்தான் பாக்காமப் பேசிட்டேன்" என்றாள்.

அன்றைக்கே வரைபட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். ஆதாரம் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. பிள்ளைகள் ஆற்றங்கரையிலிருந்து பள்ளிவரை காலடியால் அளந்தார்கள். நெட்டைக்காலன் ஒருவனுக்கு எண்ணூறு காலடி, குட்டைக்காலி ஒருத்திக்கு ஆயிரத்து முந்நூறு. ஒரே சண்டை. கடைசியில் குதிரை கட்டும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்: "இது எத்தனை மீட்டர்னு அளந்து குடுங்கண்ணா!" கயிற்றால் அளந்து அவர்கள் வரைந்த படத்தில் ஊரின் முட்டுகிற காளைக்கும் ஒரு குறியீடு இருந்தது. ஜிபார் அதை அப்படியே அனுப்பினாள்.

மே கடைசியில் நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தங்கள் படத்தை நம்பி வந்ததால் எதிர்க்கரையில் போய் நின்றார். பனி உருகி ஆறு பொங்கிக்கொண்டிருந்தது.

"தால்புலாக் எங்கய்யா இருக்கு?" என்று கைகுவித்துக் கத்தினார்.

சாய்காலின் அப்பா இந்தக் கரையிலிருந்து கத்தினார்: "உங்க படத்துப்படி நீங்க நிக்கிற இடந்தான் சார்! காலுக்குக் கீழதான் பள்ளிக்கூடம், மிதிச்சிடாதீங்க!"

ஊரே சிரித்தது. சிறிது நேரம் விறைப்பாக நின்ற அதிகாரியும் சிரித்துவிட்டார். பாலம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. அவர் சுற்றி வருவதற்குள் ஜிபார் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக் குவித்துவிட்டாள். மூன்று கிண்ணம் புளித்த குதிரைப்பால் குடித்துவிட்டு, பிள்ளைகளின் கயிற்றுக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பதிப்பில் ஊர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது.

பதினாறு வருஷம் ஆகிவிட்டது. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் படத்தை இடத்தோடு ஒப்பிடப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்விடுவாள்; அந்த மாதம் முழுக்க ஜிபாரின் அறை காலியாகத்தான் கிடக்கும். போன வாரம் மழையில் நனைந்து திரும்பியவளைப் புதுத் தலைமையாசிரியர் வாசலில் நிறுத்தினார்.

"பாடம் எங்கம்மா நடக்குது?"

"அந்த மேட்டு மேல சார். நாளைக்கு நீங்களும் வாங்க."

மறுநாள் அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்.