இரண்டு குழுவிலும் மார்வா

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்வா டட்டில், ஆறு வருடமாக ஊரின் வேகக் குழுவில் கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் போய்வந்தாள். அங்கே வெட்டவெளியில் ஓடிக்கொண்டே அட்டை இலக்குகளைச் சுட வேண்டும்; குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கே வெற்றி. ஒரு ஞாயிறு, தம்பி ரஸ்ஸல் அவளைத் தன் குழுவுக்கு அழைத்துப் போனான். அங்கே நிஜச் சண்டையில் போலவே துப்பாக்கியை மேலங்கிக்குள் மறைத்து வைத்திருந்து, சுவரோரம் பதுங்கித்தான் சுட வேண்டும். மார்வா பழக்கதோஷத்தில் வெளியே பாய்ந்தாள். தண்டனையாக அவள் எடுத்த நேரத்தோடு மூன்று விநாடி கூடியது.

"நெஜச் சண்டைன்னா இந்நேரம் நீ செத்திருப்பக்கா!" என்றான் ரஸ்ஸல்.

அடுத்த சனிக்கிழமை, தன் குழுவில் ஓட வேண்டிய நேரத்தில் அவள் கால்கள் தாமாகவே ஒரு பீப்பாய்க்குப் பின்னால் நின்றுவிட்டன. கடைசி இடம்தான் கிடைத்தது.

"என்ன மார்வா, அட்டை திருப்பிச் சுடும்னு பயமா?" கூட்டாளி கிளெம் சிரித்தான். "உன் தம்பி கூட்டம் ஆடுறது கண்ணாமூச்சி. இதுதாம்மா போட்டி!"

"நீ சொன்னாலும் சரின்னு படுது, அவன் சொன்னாலும் சரின்னு படுது. எனக்கு ஒண்ணுமே புரியல, கிளெம்."

"அப்ப ஏதாவது ஒண்ண விட்டுத் தொலை."

எதை விடுவதென்று வழிநெடுக யோசித்தாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு குழுவின் அடுத்த போட்டிக்கும் தன் பெயரைப் பதிவு செய்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.