பச்சையம்மாள் அத்தையின் தாராளம்

யாருக்குச் சாம்பார் ஊற்றினாலும் பச்சையம்மாள் அத்தை கரண்டியை வாளி விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார். பாதி வாளிக்குள்ளேயே திரும்ப விழும். மீதிதான் இட்லிக்கு. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவர் நடத்தும் கடையில் சின்ன வயதிலிருந்து நான் பார்த்துவந்த காட்சி இது.

ஐம்பதைத் தாண்டியதும் அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியதில் சாம்பார் தானாகச் சிந்தியது.

"அக்கா, இட்லிய விட என் சட்டையில ஜாஸ்தி விழுது" என்பார் ஆட்டோ ஓட்டும் மணிவேல்.

"சட்டைக்குத் தனியா காசு கேக்கலயே, சாப்பிடு."

வேலூர் நரம்பு மருத்துவர் கொடுத்த மாத்திரையில் நடுக்கம் அடங்கியது. சில மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. அத்தை கொடுக்க ஆரம்பித்தார். முதலில் பாதையோரச் சாமியார்களுக்கு இட்லி. பிறகு பௌர்ணமிக்கு அண்டா நிறையப் பொங்கல். பிறகு தினமும் பொங்கல். நடந்து போகிறவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மறுத்தவர்களுக்குப் பார்சல்.

"அண்ணாமலையாரு அவ மனசுல பூந்துட்டாரு" என்றது ஊர். கணவர் ஆதிமூலம் மாமாவுக்கு ஒரே பெருமை. ஒரு நாள் காலையில் கிரைண்டரைக் காணவில்லை. ஏதோ ஒரு மடத்துச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டிருந்தார் அத்தை.

"நாளைக்கு எதுல மாவாட்டறது?" என்றார் மாமா.

"கடையையே எழுதிக் குடுத்துட்டா மாவாட்டற வேலையே இல்லைங்களே."

விளையாட்டில்லை. பத்திரம் எழுதுபவரிடம் பேசியும் வைத்திருந்தார். இருவருக்கும் சோறு போடுவது அந்தக் கடை ஒன்றுதான். மாமாவுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மறுநாள் வேலூரில் வழக்கமான பரிசோதனை. நானும் போனேன். "சூதாட்டம், கண்டபடி செலவு, நிறுத்த முடியாத பழக்கம் ஏதாவது புதுசா உண்டா?" என்று மருத்துவர் கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் மாமா. "தர்மம்தான் செய்யறா."

"எவ்ளோ தர்மம்னு கேளுங்க டாக்டர்" என்றேன்.

கிரைண்டர் கதையைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்ததால் வந்த நடுக்கம் இது என்று விளக்கினார். மாத்திரை அந்த டோபமைனின் வேலையைச் செய்கிறது. அசைவைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது போலவே ஆசையைத் தூண்டும் பகுதிக்கும் போகிறது. சிலருக்கு அங்கே வேகம் கூடி, போதும் என்று நிறுத்தும் பிடி தளர்ந்துவிடும்.

"சில பேர் சீட்டாடுவாங்க. நீங்க சோறு போட்டிருக்கீங்க."

"அப்ப புண்ணியம் எனக்கா, மாத்திரைக்கா?" என்றார் அத்தை.

"அது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்று சிரித்தபடி, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றைச் சேர்த்து எழுதினார்.

சில வாரங்களில் கொடுக்கும் வேகம் அடங்கியது. கடை தப்பியது. மடத்திலிருந்து கிரைண்டரும் திரும்பியது, நன்றாகக் கழுவப்பட்டு. கையில் கொஞ்சம் நடுக்கம் மிச்சம்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். விலங்கியல் வகுப்பில் மூளையை வரைந்து பாகம் குறித்தவள். அத்தையின் கேள்விக்கு எந்தப் பாகத்தைக் காட்டுவது? வந்தவர்களுக்கு வயிறு நிறைந்தது நிஜம். அத்தை அப்போது பூரித்ததும் நிஜம்தான். மேலே படிக்க வேண்டும் என்று துடிக்கும் என் ஆசையில் நான் எவ்வளவு, டோபமைன் எவ்வளவு?

வேலூருக்குக் கிளம்பிய காலையில், அடுத்த பௌர்ணமிக்கு வடை பாயசத்தோடு இலை போடுவதாக அத்தை சாமியார்களிடம் சொல்லியிருந்தாராம். அதற்குப் பிறகு எத்தனையோ பௌர்ணமிகள் போய்விட்டன. ஒருவர் மட்டும் விடாமல் வந்து கேட்கிறார்.

"தாயே, பாயசம்?"

"டாக்டரு கம்மி பண்ணிட்டாரு சாமி" என்கிறார் அத்தை. பிறகு மனசு கேட்காமல், "சொன்னது நானோ மாத்திரையோ, வாய் என்னுதுதான். போடறேன்."

எப்போது என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.