ஏழாம் நம்பர் பற்றி முத்துவடிவு எழுதியது

தன் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்பதை விஸ்வநாதன் ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்வான். சொந்தக்காரர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை." பக்கத்து வீட்டில் "அமெரிக்கக் கம்பெனி." மின்வாரியத்தில் கூட வேலை பார்ப்பவர்களிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டான். அவன் அங்கே லைன்மேன். "எம் பொண்டாட்டி லைன்பேக்கர் பாக்குதா" என்று அவன் சொன்ன நாளிலிருந்து, "அந்தப் போஸ்ட் லைன்மேனுக்கு மேலயா, கீழயா அண்ணாச்சி?" என்று கேட்காத ஆளில்லை.

முத்துவடிவுக்கு நாற்பத்திரண்டு வயது. சுரண்டைக்காரி. பி.காம். முடித்த கையோடு தென்காசிக்குக் கல்யாணமாகி வந்தவள். மகள் அபர்ணா விடுதியில் தங்கிப் படிக்கப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட, குற்றாலம் போகிற ரோட்டில் பர்னிச்சர் கடை மாடியில் இருந்த அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு கணினிகள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆடுகிற ஃபுட்பால் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் யார் ஓடினான், யார் பிடித்தான் என்று பதிவது வேலை.

பெயர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். தடுக்கிற அணியின் முன்வரிசையில் நாலு தடியர்கள் சுவர் மாதிரிக் குனிந்து நிற்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, பந்து எந்தப் பக்கம் வரப்போகிறது என்று பார்ப்பவன்தான் லைன்பேக்கர். பந்தோடு வருகிறவனைக் கட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். கபடியில் ஏறி வருகிறவனை மடக்குவது மாதிரிதான். தலையில் ஹெல்மெட்டும் தோளில் தலையணையும் கூடுதல். அலுவலகத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வகை ஆட்டக்காரர்கள்; முத்துவடிவுக்குக் கிடைத்தது லைன்பேக்கர்கள்.

பதிவில் கடைசியாக "குறிப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எதையாவது அடித்தால்தான் கணினி அடுத்த துண்டுக்குப் போகும். மற்ற பெண்கள் எல்லோரும் "ஓகே" என்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். முத்துவடிவும் மூன்று மாதம் அதையே செய்தாள். பிறகு பக்கத்து இருக்கை ஜாஹிரா பீவியிடம் சொன்னாள்.

"ஒரு நாளைக்கு முந்நூறு ஓகே. கல்யாணத்துக்கே நான் ஒரு தடவதான்ட்டி ஓகே சொன்னேன்."

"பெறகு என்ன எழுதப் போறே?"

"தோணுததை எழுதுதேன். எவன் படிக்கப் போறான்?"

அன்று முதல் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுத ஆரம்பித்தாள். மெதுவாக எழுந்திருப்பவனுக்கு, "இவனுக்கு வீட்ல சோறு போடலையா?" பந்து இடதுபக்கம் போக வலதுபக்கம் ஓடியவனுக்கு, "செங்கோட்டைக்கு டிக்கெட் எடுத்துட்டு சுரண்டைக்குப் போறான்." பிடித்தவனை நழுவவிட்டவனுக்கு, "எண்ணெய்க் குளியல் முடிச்சு நேரா ஆட வந்துட்டான்." இப்படி மூன்று வருடம். இரண்டு லட்சம் குறிப்புக்கு மேல் சேர்ந்துவிட்டது. எவனும் படிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மெரூன் சட்டைக் கல்லூரியின் ஏழாம் நம்பர் வந்து சேர்ந்தான். ஆள் பார்க்கக் கோயில் தூண் மாதிரி இருந்தான். ஒரே பருவத்தில் நூற்றுநாலு பேரைச் சாய்த்தவன் என்று கணக்கு சொன்னது. வருடத்துக்கு ஒருமுறை டிராஃப்ட் என்று ஒன்று அங்கே நடக்கும். தெருவில் ஆள் பிரிக்கிற மாதிரி, தொழில்முறை அணிகள் வரிசையாக ஒவ்வொரு கல்லூரிப் பையனாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். அதில் ஏழாம் நம்பர் முதல் சுற்றிலேயே போய்விடுவான் என்று அமெரிக்காவே பேசியது.

முத்துவடிவு அவனைப் பன்னிரண்டு ஆட்டம் பார்த்தாள். பந்தோடு ஓடுகிறவனை வேறு இரண்டு பேர் பிடித்துச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது ஏழாம் நம்பர் பறந்து வந்து மேலே விழுவான். முதல் ஆளாக எழுந்து நெஞ்சில் தட்டிக்கொள்வான். அதுவும் அவன் கணக்கில் ஏறிவிடும். ஆனால் எதிரணித் தடியன் ஒருத்தன் நேராக முட்ட வந்தால், தண்ணீர் தேங்கிய தெருவில் நடப்பவன் மாதிரி ஓரமாகச் சுற்றிப் போவான். பந்திக்கு முந்துகிறவன், படைக்குப் பிந்துகிறவன். முதல் ஐந்தாறு தடவை அதை முழுதாக அடித்தாள். பிறகு கை வலிக்கவே "பமு" என்று சுருக்கிக்கொண்டாள். அறுபத்தொரு இடத்தில் பமு.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மேலாளர் ஏசுவடியான் அவள் மேசைக்கு ஓடி வந்தான். இருபத்தொன்பது வயது, எம்.பி.ஏ., எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. அன்று அந்தச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யக்கா, பமுன்னா என்ன?"

முத்துவடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு சார்?"

"அமெரிக்காவில எல்லாக் குறிப்பையும் மெஷின்ல போட்டு மொழிபெயர்த்துட்டானுவ. சோறு போடலையான்னு எழுதுனது யாரு? அந்தப் பையனுக்குச் சத்துக்குறைவான்னு அங்கன ஒரு டாக்டர் கேக்காரு!"

"அய்யய்யோ."

"அது போட்டும். பமு மட்டும் மெஷினுக்குப் புரியலை. ஒரே ஆளுக்கு அறுபத்தொரு தடவ வருது, இது ஏதோ புது அளவீடான்னு அங்கன ஒரு பெரியவரு மீட்டிங்குல கேட்டுட்டாரு. தெரியாதுன்னு சொன்னா மரியாத இல்லியே? பர்ஸ்யூட் அண்ட் மூவ்மெண்ட் யுடிலிட்டின்னு சொல்லிட்டேன்."

"அப்படின்னா என்ன சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு நீங்கதான் விளக்கப் போறீங்கன்னும் சொல்லிட்டேன்."

பமுவின் உண்மையான விரிவை அவள் சொன்னாள். ஏசுவடியான் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு, அங்கே விடிந்ததும், அழைப்பு வந்தது. திரையில் கர்ட் என்ற பெரியவர். முப்பது வருடம் பயிற்சியாளராக இருந்தவர். இப்போது எந்தப் பையன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதி அணிகளுக்குக் கொடுக்கிற ஆள். ஏசுவடியான் தன் புது அளவீட்டை விளக்க இரவோடு இரவாகச் செய்த படங்களோடு தயாராக இருந்தான். முதல் படம் வந்ததுமே முத்துவடிவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தம்பி, அதை மூடும்" என்று தமிழில் சொன்னாள். கோபம் வந்தால் சார் தம்பியாகிவிடுவான். பிறகு தன் பி.காம். ஆங்கிலத்தில் கர்ட்டிடம், "சார், பமு கணக்கு இல்லை. பழமொழி. சாப்பாட்டுக்கு முதலில் வருவான், சண்டைக்குக் கடைசியில் வருவான்" என்றாள்.

கர்ட் மேசையில் தலை சாய்த்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த அறுபத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றிலும் ஏழாம் நம்பர் கடைசியில் வந்து விழுந்தான், முதலில் எழுந்தான்.

"நூற்றுநாலில் இவன் தனியாகப் பிடித்தது எத்தனை?" என்றார் கர்ட்.

"பத்தொன்பது, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு யாராவது நல்லவன் உண்டா என்று கேட்டார். ஏசுவடியான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். போதும் என்று அர்த்தம். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பச்சைச் சட்டை ஐம்பத்துநாலாம் நம்பர்."

கர்ட் தாளைப் புரட்டினார். அவன் மெதுவாக ஓடுபவன், நாற்பது கெஜம் ஓட நாலே முக்கால் நொடிக்கு மேலாகிறது, யாரும் அவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்றார்.

முத்துவடிவு யோசித்து யோசித்துச் சொன்னாள். தென்காசி பஸ் நிலையத்தில் சுரண்டை பஸ் உள்ளே வரும்போது ஜனம் முழுக்க அதன் பின்னாலேயே ஓடும். அவள் ஓடியதே இல்லை. முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து ஒரு இடத்தில் போய் நிற்பாள். வாசல் அவள் முன்னால் வந்து நிற்கும். ஐம்பத்துநாலாம் நம்பர் பந்தைப் பார்ப்பதே இல்லை; எதிரே குனிந்திருக்கிற தடியனின் காலைப் பார்க்கிறான். கால் நகர்ந்ததும் நாலு எட்டு வைத்துப் போய் நிற்கிறான். பந்து அவனிடம் வருகிறது.

"அவனுக்கு எதுக்கு சார் ஓட்டம்?" என்றாள்.

கர்ட் எழுதிக்கொண்டார். ஏசுவடியான் தன் படங்களை ஒவ்வொன்றாக அழித்தான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், இட்லிக் கொப்பரையை அடுப்பில் வைத்துவிட்டு முத்துவடிவு டிராஃப்டைக் கைபேசியில் பார்த்தாள். கர்ட்டின் அறிக்கையை வாங்கிய அணி ஏழாம் நம்பரைத் தாண்டிப் போனது. மூன்று இடம் தள்ளி வேறொரு அணி அவனை எடுத்தது. கோயில் தூண் மாதிரி இருந்த பையன் ஒரு குட்டையான பெண்மணியைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அவன் அம்மா. அவளும் அழுதாள்.

"என்னட்டி, முகம் ஒரு மாதிரி போவுது?" என்றான் விஸ்வநாதன்.

"இவனத்தான் அறுபத்தொரு தடவ நக்கலடிச்சேன்."

"பொய்யா எழுதினே?"

"பொய்யில்ல. ஆனா அந்தம்மா படிச்சிருந்தா என்ன நெனப்பா?"

விஸ்வநாதன் இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது ஏசுவடியானிடமிருந்து செய்தி வந்தது. ஐம்பத்துநாலாம் நம்பரை ஏழு சுற்றிலும் எவரும் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கர்ட்டின் சொல்லைக் கேட்டு ஒரு அணி அவனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தது. ஆகஸ்டில் அதே அணி அவனை வெளியே அனுப்பியது. இரண்டே நாளில் பயிற்சிக்கு மட்டும் என்று திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஏழாம் நம்பரோ, முரட்டுப் பயிற்சியாளர் ஒருவரிடம் மாட்டி, தடியர்களை நேராகப் போய் முட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று கர்ட் எழுதினார். முத்துவடிவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் கடுப்பு.

அலுவலகத்தில் வேறு விதமாக வெடித்தது. புதுப் பருவம் தொடங்கியதும் ஏசுவடியான் சுற்றறிக்கை ஒட்டினான். இனி யாரும் "ஓகே" அடிக்கக் கூடாது. ஒவ்வொரு குறிப்பும் குறைந்தது எட்டுச் சொல்லாவது இருக்க வேண்டும். பதினொரு பெண்களும் முத்துவடிவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜாஹிரா பீவி பேச்சை நிறுத்தினாள். தேநீர் வேளையில் முறுக்குப் பொட்டலத்தை இந்தப் பக்கம் நீட்டாமல் அந்தப் பக்கம் நீட்டினாள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது.

அப்போது முத்துவடிவு முப்பத்தொன்றாம் நம்பர் என்ற புதுப் பையனை விழுந்து விழுந்து பாராட்டிக்கொண்டிருந்தாள். பமு கிடையாது, காலைப் பார்ப்பான், ஓடவும் செய்வான். கர்ட்டுக்குத் தனியாக ஒரு பக்கமே எழுதியிருந்தாள். அதை அனுப்புவதற்கு முன்னால், அதே ஆட்டத்தைச் சரிபார்த்த ஜாஹிராவின் குறிப்பு அவள் திரையில் வந்தது.

"இடது முழங்காலில் வலி. மறைக்கிறான். மூன்றாவது ஆட்டத்திலிருந்து இப்படித்தான் இருக்கிறது."

முத்துவடிவு வீடியோவை நாலு தடவை ஓட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து ஜாஹிராவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எப்படிட்டி கண்டுபிடிச்சே?"

ஜாஹிரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விழுந்தா வலது கையை ஊனித்தான் எந்திரிக்கான். இடது காலை மடக்கவே மாட்டேங்கான். எங்க வீட்டுக்காரரு யாக்கூப்பு மூணு வருசமா தொழுகையில இப்படித்தான் எந்திரிக்காவ. கேட்டா ஒண்ணுமில்லங்காவ."

"இதெல்லாம் முன்னாடியே தெரியுமா ஒனக்கு?"

"நாலு வருசமா நானும் கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுத்தானே இங்கன உக்காந்திருக்கேன். எழுதச் சொன்னாத்தானே எழுத?"

முத்துவடிவு தன் நாற்காலியை இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "மூணாவது ஆட்டத்த முதல்லேருந்து போடு" என்றாள். ஜாஹிரா போட்டாள்.