எட்டு வரிப் போர்வை

தங்கச்சிமடத்துச் சவேரியம்மாள் நல்ல துணியில் கத்தரிக்கோல் வைக்க மாட்டாள். கழுத்தை நெரித்தாலும் வைக்க மாட்டாள். வலைக்காரர் வீட்டில் பிறந்து வலைக்காரர் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். பிய்ந்த கண்ணியை முடியலாம், வரிக்கு வரி சேர்த்து வலையை நீட்டலாம், முழுசாக இருப்பதை அறுக்கிறவளுக்குக் கை விளங்குமா என்று கேட்பாள். இந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், அவள் சாகிறவரை சந்தோஷமாக ஏமாந்துகொண்டே இருந்திருப்பாள்.

கல்யாணம் நாற்பத்தேழில். புருஷன் யாக்கோபு ஒரு வருஷம் அவளோடு குடித்தனம் செய்தான். பிறகு கொழும்புத் துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கியில் வேலை என்று தனுஷ்கோடியில் கப்பலேறினான். அன்று அவன் போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை அவள் கையால் தைத்தது. அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கடல் தாண்டிப் போகிற ஆம்பளையின் சட்டைக் காலருக்கு உட்புறம், வெளியே தெரியாத இடத்தில், பெண்சாதி சிவப்பு நூலில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக் கொடுப்பாள். சவேரியம்மாளும் போட்டாள். பாதியில் நூல் தீர்ந்துவிட்டது. வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவன் பறந்ததில் குறுக்குக்கட்டை ஒரு பக்கம் குட்டையாகவே நின்றுபோனது.

"ஆறே மாசம். வீடு பார்த்ததும் உன்னைக் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிப் போனான். ஆறு மாசம் போச்சு, பெர்மிட் கிடைக்கவில்லை என்றான். பாஸ்போர்ட் சிக்கல் என்றான். வீட்டு வாடகை நெருப்பு விலை என்றான். ஐம்பத்து நாலில் தாயின் சாவுக்கு எட்டு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனான். பிள்ளை குட்டி எதுவும் இல்லை. அத்தனைக்கும் சவேரியம்மாளுக்கு ஒரு துளி சந்தேகம் உண்டா? கிடையாது. இன்றைக்கோ நாளைக்கோ கூப்பிடுவான், கொழும்பு வீட்டில் கட்டிலில் விரிக்க ஒரு போர்வை வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அவளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு ஜெபமாலை அஞ்சாம் கிளாஸ் படித்தவள், அவள்தான் கடிதம் எழுதிக் கொடுப்பாள். "போர்வை தைக்க ஒட்டுத்துணி இருந்தால் அனுப்புங்கள்" என்று எழுதச் சொன்னாள். ஐம்பதாம் வருஷக் கிறிஸ்மஸுக்கு முதல் மூட்டை வந்தது. கொழும்புக்குச் சங்கு வியாபாரத்துக்குப் போய்வருகிற வாவு முகம்மது கொண்டுவந்தார். "யாரோ துரை வீட்டுப் பிள்ளைங்க கழிச்ச துணியாம்மா. பங்களா சமையக்காரன் யாக்கோபுக்குச் சிநேகிதமாம்" என்றார். அவ்வளவுதான். துரை வீட்டுத் துணி, துரை வீட்டுத் துணி என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். ஜெபமாலைக்கு வயிறு எரிந்தது.

அதிலிருந்து வருஷம் ஒரு மூட்டை தவறாமல் வந்தது. குட்டிச் சட்டை, கவுன், பாவாடை. வேறொருத்தியாக இருந்தால் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டிக் கலந்து தைத்திருப்பாள். இவள் வெட்டவே இல்லை. பக்கத் தையலை மட்டும் பிரித்து, உடுப்பை உடுப்பாகவே தட்டையாக்கி, பழைய சேலை மேல் வைத்துத் தைத்தாள். ஒரு வருஷத்து மூட்டை ஒரு வரி. வலை நீட்டுகிற மாதிரி அடுத்த வருஷத்து வரியை அதற்குக் கீழே சேர்த்தாள். குடிசையில் விரித்துப் பார்க்க இடம் ஏது? தைத்த மட்டும் சுருட்டிவைத்து, கடைசி வரி மட்டும் மடியில் கிடக்கத் தைப்பாள். முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும். கண் இல்லையா அவளுக்கு என்று கேட்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு வரியாகப் பார்த்தவளுக்கு என்ன தெரியும்?

ஐம்பத்தெட்டாம் வருஷம், பரலோக மாதா திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. சாயல்குடியிலிருந்து புதிதாக வந்திருந்த சர்க்கார் கிராம சேவிகா பாண்டியம்மாள், கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் மாதர் சங்கத்துப் பெண்களைக் கூட்டினாள். அவரவர் கைவேலையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், எப்படிச் செய்தது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், காப்பி குடித்துவிட்டுக் கலைய வேண்டும். நல்ல வேலைக்குப் பரிசு ஒரு கத்தரிக்கோல். பனையோலைக் கொட்டான் வந்தது, சிப்பி மாலை வந்தது, பூவேலை போட்ட தலையணை உறை வந்தது. ஜெபமாலை பாசிமணியில் ஒரு கிளி கோத்துக் கொண்டுவந்தாள். அது கிளியா காக்காயா என்று அவளுக்கே சந்தேகம்தான், ஆனாலும் நடு மேசையில் வைத்தாள்.

சவேரியம்மாள் போர்வையை மடித்தபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மடிச்சு வச்சா எவளுக்கு என்ன தெரியும்? கயித்துல விரிச்சுப் போடுங்கக்கா" என்றாள் பாண்டியம்மாள்.

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு கட்டி, நாலு பெண்கள் பிடித்துப் போர்வையை விரித்துத் தொங்கவிட்டார்கள். எட்டு வரியும் ஒரே நேரத்தில் வெளிச்சம் பார்த்தது அன்றைக்குத்தான். "அடி ஆத்தீ!" என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஜெபமாலைகூடக் கிளியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். சவேரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டத்தில் சுலைகா பீவி இருந்தாள். பாம்பன் கடைத்தெருத் தையல்காரர் அப்துல் அஜீஸின் பெண்சாதி. பெரியபட்டினத்தில் பிறந்தவள். பிள்ளைகளின் உடுப்பு அத்தனையும் அவள் வெட்டுவதுதான், ஒரு சட்டையைக் கண்ணால் பார்த்தால் போடுகிற பிள்ளையின் வயசைச் சொல்லிவிடுவாள். அவள் போர்வைக்கு முன்னால் நின்று, சாண் வைத்து ஒவ்வொரு வரியாக அளந்துகொண்டே கீழே வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மாஷா அல்லா! இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லம்மா. பொறந்ததுலேர்ந்து பிள்ளை போட்டது ஒண்ணு விடாம வச்சுத் தச்சிருக்கீகளே! இங்கன பாருங்க, முதல் வரி கைக்குழந்தை. இது தவழுற வயசு, முட்டிக்கிட்ட தேஞ்சிருக்கு. இது நடக்குற வயசு. இது பள்ளிக்கூடம் போறப்ப, மையெல்லாம் கொட்டியிருக்கு பாருங்க. இப்ப எட்டு வயசு நடக்குதா? மகளைக் கூட்டிட்டு வரலியா?"

ஊரில் எல்லோருக்கும் தெரியும் சவேரியம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்று. காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் தம்ளர் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

சவேரியம்மாள் சிரித்தாள். "எனக்கு ஏதும்மா மகள்? அது கொழும்பு துரை வீட்டுத் துணி. எங்க வீட்டுக்காரரு அனுப்புறாரு."

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் சுலைகா பீவி தொழில்காரி, கள்ளம் கபடு தெரியாதவள். "துரை வீடா? இருக்காதும்மா" என்றாள். "எட்டு வரியும் ஒரே பிள்ளை. வலது தோள் கொஞ்சம் இறக்கம், எல்லாத்துலயும் அந்தத் தோளைத் தூக்கித் தச்சிருக்கு. தச்சதும் ஒரே கை. மெஷின் இல்லாத வீடு. இடதுகைக்காரி போல, தையல் எதிர்ப்பக்கம் சாயுது. பழைய துணியைப் பிரிச்சுல்ல பிள்ளைக்குப் போட்டிருக்கா! இந்தக் கவுனுக்கு உள்துணி ஆம்பளைச் சட்டை, பாருங்க."

ஆறாவது வரியில் ஒரு மஞ்சள் கவுன். அதன் கழுத்துப் பட்டியில் தையல் விட்டிருந்த இடத்தைச் சுலைகா விரலால் நிமிர்த்திக் காட்டினாள். உள்ளே வெளிறிப்போன நீலக் கட்டம். அதன் மடிப்பில் தலைகீழாக ஒரு சிவப்புச் சிலுவை, குறுக்குக்கட்டை ஒரு பக்கம் குட்டை.

சவேரியம்மாள் அதைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவே இல்லை. காதுக்குள் கடல் இரைகிற மாதிரி இருந்தது அவளுக்கு. மூன்று வருஷம் முன்னால் இந்தக் கவுனை மடியில் போட்டு, இது எந்தத் துரைமகள் போட்டதோ, எத்தனை அழகாக இருந்திருப்பாளோ என்று தடவித் தடவித் தைத்தது அவள் கைதான். உள்துணியைப் புரட்டிப் பார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"மாதாவே" என்றாள்.

சுலைகா பீவிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "யா அல்லா, நான் என்னத்தைச் சொல்லித் தொலைச்சேன்!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். பாண்டியம்மாளுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. சின்ன வயசு, பாவம். பதற்றத்தில் பரிசுக் கத்தரிக்கோலை எடுத்துச் சவேரியம்மாள் கையில் திணித்தாள். ஒருத்தரும் கைதட்டவில்லை.

மூன்று நாள் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வந்தவர்கள், கோயில் சாமியாரிடம் சொல்லிக் கொழும்பு மேற்றிராசனத்து ஆயருக்கு எழுது என்றார்கள். அண்ணன்மாரை அனுப்பி அவன் காலை ஒடி என்றார்கள். ஜெபமாலை இத்தனை நாள் பட்ட பொறாமையெல்லாம் மறந்துபோய், "அந்தப் பயலை மண் அள்ளித் தூத்தி ஒரு காகிதம் எழுதுறேன்க்கா, நீ சொல்லு" என்று பேனாவோடு வந்து நின்றாள்.

"திட்டுறது இருக்கட்டும்" என்றாள் சவேரியம்மாள். "அந்த வீட்டுல நான் யாருன்னு முதல்ல தெரியணும். இருக்கேன்னு தெரியுமா அவளுக்கு? தெரிஞ்சுக்கிட்டேதான் துணியை மூட்டை கட்டிக் குடுத்தாளா? அது தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

நாலாம் நாள் எழுந்தாள். பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்தாள். வெள்ளைச் சேலை, ஜரிகைக் கரை. ஒரே ஒரு நாள் கட்டியது. பரிசுக் கத்தரிக்கோலை எடுத்து அதன் நடுவில் வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஜெபமாலை எழுந்து நின்றுவிட்டாள். நல்ல துணியில் கத்தரிக்கோல் வைக்காத சவேரி கல்யாணச் சேலையை வெட்டுகிறாள்! எட்டு வயசு, வெள்ளை உடுத்திக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைப் பருவம். சுலைகா பீவியிடம் போய் அளவு கேட்டு, வலது தோளை அரை விரல் தூக்கி, ஒரு வெள்ளைக் கவுன் தைத்தாள். கழுத்தைச் சுற்றிப் பாசிமணி வைத்துக் கொடுத்தவள் ஜெபமாலை. இந்தத் தடவை மணி ஒழுங்காக உட்கார்ந்தது.

வாவு முகம்மதுவுக்குக் கதையைக் கேட்டு முகம் செத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. கிட்டங்கி வாசல்ல வச்சுத்தான் மூட்டையைத் தருவான். வீட்டுப் பக்கம் ஒரு நாள் கூப்பிட்டதில்லை."

"நீங்க என்ன செய்வீங்க பாய்? வீட்டை விசாரிச்சுக் கண்டுபிடிங்க. அவரு வேலைக்குப் போன நேரமாப் பார்த்து, அந்தப் பொம்பளை கையில இதைக் குடுங்க. சவேரியம்மா அனுப்புனான்னு மட்டும் சொல்லுங்க. மேற்கொண்டு ஒரு வார்த்தை வேணாம். அவ என்ன சொல்றாளோ அதை அப்படியே எங்கிட்ட வந்து சொல்லுங்க."

அக்டோபர் கடைசியில் அவர் திரும்பிவந்தார். "அந்தம்மா முகத்துல கபடம் தெரியலம்மா. உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்துச்சு. கிளம்புறதுக்கு முதல் நாள் போனேன், பிள்ளை இதைக் குடுத்துச்சு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். அதற்குமேல் நிற்க முடியாமல் போய்விட்டார்.

ஜெபமாலை பிரித்து வாசித்தாள். குண்டு குண்டாகக் குழந்தைக் கையெழுத்து.

"அன்புள்ள அத்தைக்கு, ரோசலின் எழுதுவது. நீங்கள் அனுப்பிய கவுன் எனக்கு அளவாக இருக்கிறது. புதுநன்மைக்கு அதைத்தான் போட்டேன். தோள் கூடச் சரியாக இருக்கிறதே, பார்க்காமலே எப்படித் தைத்தார்கள் என்று அம்மா கேட்கிறாள்..."

ஜெபமாலை நிறுத்தினாள். "அத்தைன்னு எழுதியிருக்குக்கா."

"காதுல விழுந்துச்சு. படி."

"என் பழைய உடுப்பை எல்லாம் அம்மா துவைத்துத்தான் உங்களுக்குக் கட்டிக் கொடுப்பாள். அய்யாவுக்குக் கூடப் பிறந்தது நீங்கள் ஒருத்திதான் என்றும், மாமா கடலில் போய்ச் செத்துவிட்டார் என்றும் அய்யா சொல்லியிருக்கிறார். பாவம் அத்தை. தினமும் சாயங்காலச் செபத்தில் மாமாவின் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்கிறோம். அய்யாவும் எங்களோடு முழங்காலில் நின்று வேண்டிக்கொள்வார்."

ஜெபமாலை காகிதத்தைத் தரையில் அறைந்தாள். "அட பாவி மனுசா! தன் ஆத்துமாவுக்குத் தானே முழங்கால் போடுறானா? இப்படியும் ஒருத்தன் உண்டா உலகத்துல?"

சவேரியம்மாள் வெகுநேரம் காகிதத்தையே பார்த்தாள். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். பத்து வருஷமாகக் காத்துக் கிடந்தது ஒரு செத்த மனுஷனுக்கு என்பது அவள் மண்டையில் ஏற அத்தனை நேரம் ஆனது. பிறகு அழுதாள். வீடு இடிந்து விழுகிற மாதிரி, ஊர் கேட்கிற மாதிரி அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பேனாவை எடு. அன்புள்ள மகள் ரோசலினுக்குன்னு போடு. கவுன் ஓரத்துல ரெண்டு விரக்கடை உள்ள மடிச்சு வச்சிருக்கேன், வளர வளரப் பிரிச்சு விடச் சொல்லு அம்மாவை. எழுதிட்டியா? வர்ற கல்லறைத் திருநாள்ல மாமா பேருக்கு இங்கன கோயில்ல பூசை வைக்கிறேன்னு எழுது. மாமாவுக்கும் உங்க அய்யா பேருதான், யாக்கோபுன்னு எழுது."

"அக்கா..."

"எழுதுடி. கடைசியா, இந்தக் காகிதத்தை உங்க அய்யாவுக்கு நீயே சத்தமா வாசிச்சுக் காட்டணும்னு எழுது."

ஜெபமாலை எழுதி முடித்தாள். "கீழே என்னன்னு போட?"

"அத்தைன்னே போடு. பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு."

சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள். ஜெபமாலை கையைப் பிடிக்கப் பாய்வதற்குள் கழுத்திலிருந்த தாலிக் கயிற்றை அறுத்துவிட்டாள்.